கண்டுபிடிச்சவருக்கு 200, கண்ணை மூடி மாத்தினவங்களுக்கு 70,000

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள குமைஞ்சுக்கிட்டு இருக்குற விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். படிச்சுட்டு என்னைத் திட்டணும்னு தோணினா தாராளமா திட்டுங்க. ஆனா அடுத்த தடவை வண்டியை ஒர்க்‌ஷாப்புல விடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இதை யோசிங்க.

பெங்களூர்ல பொட்டி தட்டுற நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல கொஞ்ச வருஷமா ஒரு வியாதி பரவிக்கிட்டு இருக்கு. ஃபோர் பை ஃபோர் வியாதி. ஊர்ல தோப்பு இருக்கு, உர மூட்டை ஏத்தலாம், வரும்போது தேங்காயும் அரிசியும் கொண்டு வரலாம்னு ஆளாளுக்கு ஒரு காரணம் வச்சிருப்போம். அந்தக் காலத்துல ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா ஜீனான். 2016ல சென்னைக்குப் பக்கத்துல ஸ்ரீசிட்டியில இருந்து இசுஸு வி-கிராஸ் வந்துச்சு. 2022ல டொயோட்டா ஹைலக்ஸ். புதுசா வாங்க கைக்கு எட்டாதவன் செகண்ட் ஹேண்ட் தேடுவான். நானும் தேடினேன். வாங்கினேன். சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன் :-)

என்ன வண்டின்னு சொல்ல மாட்டேன். குத்தம் வண்டியோடது இல்ல. அதுதான் இந்தக் கதையே. முன்னாடி சீட்டு, பின்னாடி சீட்டு, அதுக்குப் பின்னாடி சரக்குத் தொட்டி இருக்குற டபுள் கேப் வண்டி. பின்பக்கம் லாரி மாதிரி பட்டை ஸ்ப்ரிங். வித்தவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்னிக்கும் காதுல கேக்குது. "சார், ஜாயிண்ட் கிராஸ் எல்லாம் இப்பத்தான் புதுசு போட்டது. அந்தக் கவலையே உங்களுக்கு வேணாம்."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்குங்க.

வாங்கின மறுவாரமே நடுக்கம் ஆரம்பிச்சிருச்சு. ஆரம்பிச்சது இல்ல, இருந்தது. நான்தான் அப்பக் கவனிச்சேன். 50ல இருந்து 70க்குள்ள போகும்போது பாதத்துக்கு அடியில ஒரு ரீங்காரம். சீட்டுல ஒரு அதிர்வு. பின் சீட்டுல உக்காந்தா இன்னும் மோசம். வீட்டுக்குப் பக்கத்துல இருந்த ஒர்க்‌ஷாப்புல காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்தவர் சொன்னார், "பெங்களூர் ரோடு ஹீகே சார்." பெங்களூர் ரோடு இப்படித்தான் சார்னு அர்த்தம்.

நானும் தலையாட்டிட்டு வந்தேன். ஏன்னா நாம எல்லாரும் அதை நம்பத் தயாரா இருக்கோம். இந்த ஊர்ல எது நடுங்கினாலும் பழி குழி மேலதான். 2025ல ஒரே மாநகராட்சி அஞ்சா பிரிஞ்சுது, மேல ஒரு புது ஆணையமும் வந்துச்சு. நம்ம வாயில மட்டும் இன்னும் அதே வசனம். ரோட்டுல குழி இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆனா குழி தூக்கிப் போடும், ரீங்காரம் பாடாது. குழி வந்தா ஆட்டம் வரும், குழி போனா ஆட்டம் போயிரும். வேகத்தைக் கூட்டினா ஸ்ருதி ஏறி, குறைச்சா ஸ்ருதி இறங்குற அதிர்வு வண்டிக்குள்ள சுத்துற ஏதோ ஒரு பொருளோடது. இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சிருந்தா எனக்கு 70,000 ரூபாய் மிச்சம்.

கணக்கு இதோ. "டயர் தேஞ்சிருக்கு சார்"னு 4 டயர், 42,000. நடுக்கம் போகல. மூணு தடவை அலைன்மெண்ட், பேலன்சிங், 4,500. போகல. "ஷாக் அப்சார்பர் போயிருச்சு", 16,000. கொஞ்சம் குதிக்கிறது குறைஞ்சுது, நடுக்கம் அப்படியே. "இன்ஜின் மவுண்டிங்கா இருக்கலாம், மாத்திப் பார்ப்போம்", 7,500. போகவே இல்ல.

அந்த 'மாத்திப் பார்ப்போம்' இருக்கு பாருங்க, அதுமேலதான் என் கோபம் எல்லாம். பார்த்துட்டு மாத்துறது ஒரு தொழில். மாத்திப் பார்க்கிறது சூதாட்டம். அதுவும் என் காசுல.

இடையில ஆபீஸ்ல ஒரு நண்பன் சொல்லி, போன்ல அதிர்வை அளக்குற ஒரு ஆப் போட்டேன். போனை கியர் லீவர் பக்கத்துல தரையில வச்சு டேப் ஒட்டிட்டு, தங்கமணி பக்கத்து சீட்டுல இருந்து பார்க்க, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல ஒரே சீரா 60ல ஓட்டினேன். விநாடிக்கு 58 தடவைன்னு ஒரு முள்ளு உசரமா நின்னுச்சு. அந்தப் படத்தை ஒர்க்‌ஷாப்புல காட்டினேன். சிரிச்சாங்க. "சார், இது சாஃப்ட்வேர் இல்ல."

நானும் அசடு வழிஞ்சுட்டு போனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

இப்ப பொங்கலுக்கு வரேன். 2025 பொங்கல். எங்க ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெங்களூர்ல இருந்து 44ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிச்சா நேரா வீடு. அம்மா எங்ககூட ஆறு மாசம் இருந்துட்டு ஊருக்குத் திரும்புறாங்க. எழுபது தாண்டியாச்சு, முதுகெலும்புல தேய்மானம். பின் சீட்டுல தலையணை அடுக்கி உக்கார வச்சிருந்தோம். ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, ரோடு நல்லா இருக்கு. அம்மா மேல இருக்குற கைப்பிடியை விடவே இல்ல. அப்புறம் கேட்டாங்க, "ஏல, இங்கயும் ரோடு சரியில்லையோ?"

எனக்குச் சுருக்குன்னு தச்சுது. ரோடு பளிங்கு மாதிரி இருக்கு. இனிமே யார் மேல பழி போடுறது?

தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வந்துச்சு. அந்த இறக்கத்தைத் தெரியாதவங்க இந்த ரூட்ல ஓட்டுறவங்கள்ல இருக்க முடியாது. எத்தனை லாரி விபத்து. அதுல இறங்கும்போது ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, அதிர்வோட அடியில 'டங்'னு ஒரு சத்தம் வேற. பின்னாடி ரெண்டு பிள்ளைங்க, நடுவுல அம்மா. சாமி கும்பிடாத ஆளு நான், அன்னிக்குக் கும்பிட்டேன்.

நாமக்கல் வந்ததும் ரோட்டோரமா லாரி மெக்கானிக் கடை ஒண்ணுல நிறுத்தினேன். லாரிக்கு பாடி கட்டுற ஊர், இங்க தெரியாட்டி வேற எங்க தெரியும்னு ஒரு நம்பிக்கை. அறுபது வயசுப் பெரியவர். நான் ஆரம்பத்துல இருந்து கதை சொல்ல வாயெடுத்தேன். அவர் குறுக்க கேட்டார்.

"ஏனுங்க தம்பி, எந்த வேகத்துலீங்க ஆடுது?"

"50ல இருந்து 70ங்க."

"கிளட்சை அமுக்கினா நிக்குதுங்களா?"

"இல்லீங்க, அப்பவும் இருக்கு."

"ஸ்டீரிங்ல வருதுங்களா, சீட்டுல வருதுங்களா?"

"சீட்டுல. தரையில."

"பிரேக் புடிச்சா கூடுதுங்களா?"

"இல்லீங்க."

நாலு கேள்வி. ஆறு மாசத்துல பெங்களூர்ல யாரும் கேக்காத நாலு கேள்வி. வீலுக்குக் கல்லு வச்சார், கோணிச் சாக்கை விரிச்சார், உள்ள போனார். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால முறுக்கிப் பார்த்தார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "இங்க வந்து பாருங்க தம்பி"ன்னு என்னையும் படுக்க வச்சார்.

ஷாஃப்டோட பின்துண்டுக்கு ரெண்டு முனையிலயும் ஜாயிண்ட் கிராஸ். அதைப் பிடிச்சிருக்குற ரெண்டு காதும் ஒரே திசையைப் பார்த்து இருக்கணும். என் வண்டியில ஒண்ணு ஒரு திசையும் இன்னொண்ணு அதுக்குச் சாஞ்சும் இருந்துச்சு. யாரோ கிராஸ் மாத்துறதுக்காக ஷாஃப்டை உருவியிருக்காங்க, உருவறதுக்கு முன்னாடி அடையாளம் போடல, திரும்பச் சொருகும்போது பல்லு மாறி உக்காந்திருச்சு. சில வண்டியில தப்பாச் சொருகவே முடியாத மாதிரி பல்லு வெட்டியிருப்பாங்க. இதுல இல்ல.

ஆமாங்க. "இப்பத்தான் புதுசு போட்டது." அந்தப் புதுசுதான் வியாதி.

இதோட கணக்கு ரொம்ப எளிசு. வளைஞ்சு நிக்குற ஒரு கிராஸ் ஜாயிண்ட், ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவை கொஞ்சம் முந்தும், ரெண்டு தடவை கொஞ்சம் பிந்தும். கோணம் 10 டிகிரின்னா ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் இப்படியும் அப்படியும். ரெண்டாவது ஜாயிண்டை சரியான திசையில மாட்டினா, முதல் ஜாயிண்ட் செய்யுற கூத்தை அது எதிர்க்கூத்து ஆடி அழிச்சிரும். திசை மாறினா அழியாது, மிச்சம் நம்ம சீட்டுக்கு வரும். ராபர்ட் ஹூக் 17ம் நூற்றாண்டுலயே இந்த ஜாயிண்டைப் பத்தி எழுதிட்டுப் போயிட்டார்.

ஊருக்குப் போனதும் முதல் வேலையா அந்த 58ஐ எடுத்துக் கணக்குப் போட்டேன். என் டயர் 245/70, 16 இஞ்ச் ரிம். சுற்றளவு ஏறக்குறைய 2.35 மீட்டர். 60ல போனா டயர் விநாடிக்கு 7 சுத்து. டிஃபரன்ஷியல் விகிதம் 4.1. அப்ப ஷாஃப்ட் விநாடிக்கு 29 சுத்து. சுத்துக்கு ரெண்டு தடவைன்னா 58. ஆணி அடிச்ச மாதிரி அதே எண். டயர்ல குத்தம்னா முள்ளு 7ல நின்னிருக்கணும். ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருந்தா 29ல. நின்னது 58ல. அதாவது ஜாயிண்ட். விடையைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு 4 டயருக்குக் காசு கொடுத்திருக்கேன். என்னையே செருப்பால அடிச்சுக்கணும்.

பெரியவர் ஷாஃப்டைக் கழட்டி, பல்லைத் திருத்திச் சொருகி, சாக்பீஸால ரெண்டு காதையும் சேர்த்து ஒரு கோடு போட்டார். கிரீஸ் அடிச்சார். முக்கால் மணி நேரம். எவ்வளவுங்கன்னு கேட்டேன். "ஒண்ணும் போடலீங்களே தம்பி. கிரீஸுக்கும் பையன் டீக்கும் ஒரு 200 குடுங்க."

கொடுத்தேன். 200 மட்டும்தான் கொடுத்தேன். சந்தோஷமா வேற கிளம்பினேன். பரமத்தி வேலூர் காவிரிப் பாலம் தாண்டும்போது கண்ணாடியில பார்த்தா, அம்மா கைப்பிடியை விட்டுட்டுத் தூங்கிக்கிட்டு இருக்காங்க. அப்பத்தான் உறைச்சுது. தெரியாம மாத்தினவங்களுக்கு 70,000. தெரிஞ்சு சரி பண்ணினவருக்கு 200. அதையும் அவரே கூச்சப்பட்டுக் கேட்டார்.

இங்கதான் நான் மெக்கானிக்கைத் திட்டுறதை நிறுத்திட்டு நம்மளைத் திட்ட ஆரம்பிக்கிறேன்.

ஆபீஸ்ல ஒரு பக் வந்தா நாம என்ன செய்யுறோம்? எப்ப வருது, எதுக்கப்புறம் வருது, கடைசியா யார் எதைத் தொட்டதுன்னு கேக்குறோம். ரெண்டு நாள் தேடி ஒரு வரி மாத்துறோம். அந்த ஒரு வரிக்கு அமெரிக்காக்காரன்கிட்ட மணிக்கணக்குப் போட்டு டாலர்ல பில் அனுப்புறோம். ஒரு வரிதானே மாத்தினேன்னு 200 ரூபாயா கேக்குறோம்? அதே நாம, மெக்கானிக் அரை மணி நேரம் அடியில படுத்துப் பார்த்துட்டு "பாகம் எதுவும் தேவையில்ல, 800 கொடுங்க"ன்னா எகிறுறோம். "எதுவும் மாத்தலையே, எதுக்கு 800?" கேக்காதவங்க கை தூக்குங்க பார்ப்போம்.

ஜே.சி. ரோட்டுல பாகம் வாங்கினா டப்பா மேல விலை அச்சடிச்சிருக்கு. மறு பேச்சு இல்லாமக் கொடுக்குறோம். மூளைக்கு டப்பாவும் இல்ல, விலையும் அச்சடிக்கல. அதுல பேரம் பேசுறோம். அப்ப கடை வாடகை கட்ட வேண்டிய மெக்கானிக் எதை விப்பான்? பாகத்தைத்தான் விப்பான். பார்க்கத் தெரிஞ்சவன் பிழைக்க முடியாது, மாத்தத் தெரிஞ்சவன் கொழிப்பான். நடுக்கத்தை மாத்திப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நாமதான்.

"ஸ்கேனர் போட்டா தெரிஞ்சிடுமே"ன்னு ஒரு கூட்டம் சொல்லுது. ஸ்கேனர் இன்ஜின் கம்ப்யூட்டர்கிட்ட பேசும். புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு ஒயரும் இல்ல, வாயும் இல்ல. "பெரிய டீலர்கிட்ட வாங்கினா பிரச்சினை வராது"ன்னு இன்னொரு கூட்டம். 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி டீலர்கள் அங்கீகாரச் சான்று வாங்கணும், வண்டி ஓடின ஒவ்வொரு பயணத்தையும் பதிவு பண்ணி வைக்கணும்னு விதி இருக்கு. நல்ல விதிதான். ஆனா அது காகிதத்தைக் காப்பாத்தும். காது எந்தத் திசை பார்க்குதுன்னு அந்தப் பதிவேட்டுல வராது.

மூணாவது கூட்டம் நம்ம பசங்க. வண்டி முரட்டுத்தனமா ஓடுறதே கெத்துன்னு நினைக்குறவங்க. உசரம் ஏத்தி, சேத்து டயர் மாட்டி, அதுல 45 காத்து அடிச்சுட்டு, "ஃபோர் பை ஃபோர்னா அப்படித்தான் மச்சி" என்பாங்க. உசரம் ஏத்தினா ஷாஃப்டோட கோணம் கூடும், நடுக்கத்தைக் காசு கொடுத்து வாங்கின மாதிரி. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், கம்பெனி வடிவமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு. அதே வருஷத் திருத்தச் சட்டத்துல, அனுமதி இல்லாத மாத்தம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லாட்டி ரெண்டும். கெத்துக்கு இவ்வளவு விலையா?

சரி, திட்டினது போதும். செய்ய வேண்டியதைச் சொல்றேன்.

முதல்ல, நடுக்கமும் முரட்டு ஓட்டமும் ரெண்டு வேற வியாதி. சரக்கு ஏத்த பட்டை போட்ட வண்டி காலியா ஓடினா கொஞ்சம் குதிக்கும். அது அதோட குணம். அதுக்கு மேல குதிச்சா, டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்படி காத்து இருக்கான்னு குளிர்ந்த டயர்ல பாருங்க. பங்க்ல பையன் அடிக்கிற காத்தை நம்பாதீங்க. முன்னாடி ஓனர் லோடுக்காகக் கூடுதல் பட்டை ஏத்தியிருக்காரா, பட்டை முனையில இருக்குற ரப்பர் புஷ் தேஞ்சிருக்கா, ஷாக்ல எண்ணெய் கசியுதான்னு பாருங்க.

நடுக்கம்னா, வண்டியை விடுறதுக்கு முன்னாடி நீங்களே இதை எழுதுங்க.

1. வண்டி நிக்கும்போதே ஆடுதா? அப்ப இன்ஜின் பக்கம்.

2. காலியான, நேரான, சமமான ரோட்டுல கிளட்சை அமுக்கினாலும் நிக்காம இருக்கா? அப்ப டயர்ல இருந்து ஷாஃப்ட் வரைக்கும் சுத்துற பொருள். இறக்கத்துல இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

3. ஸ்டீரிங்ல வந்தா பெரும்பாலும் முன் வீல், சீட்டுல வந்தா பெரும்பாலும் பின்னாடி.

4. பிரேக் பிடிச்சா மட்டும் வருதா? டிஸ்க், டிரம்மைப் பாருங்க.

5. காய்ஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல்ல போட்டுத் திருப்பும்போது மட்டும் இழுத்து இழுத்து ஆடுதா? நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாத வண்டிக்கு அது வியாதி இல்ல, நம்ம தப்பு. மண்ணு, சேறு, வழுக்கலுக்குத்தான் அது.

6. டயர் பக்கவாட்டுல இருக்குற நாலு இலக்கத்தைப் பாருங்க. 2314னா 2014ம் வருஷம் 23வது வாரம். தடம் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் கிழவன்.

7. நடுக்கம் வர்றதுக்கு முன்னாடி கடைசியா வண்டியில யார் எதைக் கழட்டினது? இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய கேள்வி. பழைய வண்டி வாங்கினா, எதெல்லாம் புதுசுன்னு பெருமையா சொல்றாங்களோ அங்கிருந்து தேட ஆரம்பிங்க.

அப்புறம் ஒர்க்‌ஷாப்புல இப்படிச் சொல்லுங்க. "எதையும் மாத்தாதீங்க. ஒரு மணி நேரம் பாருங்க. கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா காசு தரேன், பாகம் மாத்தினாலும் மாத்தாட்டியும்." ஒரு தடவைக்கு ஒரு பொருள் மட்டும் மாத்தச் சொல்லுங்க. கழட்டின பழசைக் கையில கேட்டு வாங்குங்க. முதல் தடவை உங்களை விசித்திரமாப் பார்ப்பாங்க. ரெண்டாவது தடவை அந்தக் கடையில பார்க்கத் தெரிஞ்ச ஆள் யாரோ, அவரே உங்க வண்டிக்கு வருவார்.

இதெல்லாம் ஒரு நடுக்கத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேக்கலாம். ஒழுங்கில்லாம முறுக்குப்பட்டுக்கிட்டே சுத்துற கிராஸ் ஒரு நாள் உடையும். ஷாஃப்டோட முன்முனை கழண்டு ரோட்டுல ஊனிக்கிட்டா, கம்பு ஊனித் தாண்டுற மாதிரி வண்டி பின்னாடி எழும்பும். லாரி ஓட்டுறவங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. அதைத்தான் நான் அம்மாவையும் பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு தொப்பூர்ல இறக்கினேன், பெங்களூர் ரோட்டைத் திட்டிக்கிட்டே.

பொங்கல் முடிஞ்சு திரும்பும்போது நாமக்கல்ல அந்தக் கடையைத் தேடி நிறுத்தினேன். கவர்ல 2,000 ரூபாய் வச்சிருந்தேன். கடை பூட்டியிருந்துச்சு. பக்கத்து டீக்கடையில விசாரிச்சா, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் இன்னும் வரலைன்னாங்க. கவர் இன்னும் டேஷ்போர்டுலதான் இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கொடுத்துட்டுத்தான் மறுவேலை.

நீங்க இந்தத் தடவை யாருக்கு எவ்வளவு கொடுக்கப் போறீங்க?